வாத்தியார் படங்களில் எது உயர்த்தி, எது சோடை?

எம்.ஜி.ஆரின் மிகச் சிறந்த படம் எது என்ற கேள்விக்கு மலையகத்தில் ஒரே பதில் கிடைத்ததில்லை. ஒருவர் 'நாடோடி மன்னன்' என்பார். அடுத்தவர் 'எங்க வீட்டுப் பிள்ளை' என்பார். இன்னொருவர் 'அன்பே வா'வைத் தாண்டி எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். தேறாத படம் எது என்று கேட்டாலோ பேச்சு இன்னும் சூடேறும். ரசிகர்கள் வாத்தியார் என்று அழைக்கும் எம்.ஜி.ஆரின் படத்தில் சோடையானது என்று ஒன்று உண்டா என்பதிலேயே சண்டை தொடங்கிவிடும்.

கண்டி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த விவாதத்தில் தனி உரிமை உண்டு. எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17ஆம் திகதி பிறந்தது நாவலப்பிட்டியில். மகாவலியை ஒட்டி, கம்பளைக்கும் ஹட்டனுக்கும் இடையே, ரயில் மலையேறத் தொடங்கும் இடத்தில் இருக்கும் ஊர் அது. கண்டி மாவட்டத்துக்குள் வருவதால் தமிழ்நாட்டில் பலரும் அவரைக் கண்டியில் பிறந்தவர் என்றே எழுதிவிடுகிறார்கள். தந்தை கோபால மேனன் இறந்தபின் தாய் சத்தியபாமா பிள்ளைகளுடன் கும்பகோணத்தில் குடியேறினார். எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் சிறு வயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நாடகத்துக்குப் போனார்கள். அங்கிருந்துதான் சினிமா.

முதல் படமான 'சதிலீலாவதி' (1936) பொதுவாக இந்த விவாதத்தில் இடம்பெறுவதில்லை. மலையகமாவது அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.வாசனின் கதையை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். குடியால் கெட்டு, நண்பனைக் கொன்றுவிட்டதாக நினைத்து ஓடும் நாயகன் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாகச் சேர்கிறான். தோட்டத் தொழிலாளியின் வாழ்வு தமிழ்த் திரைக்கு வந்த தொடக்ககாலப் படங்களில் ஒன்று இது. நாயகனாக நடித்தவர் எம்.கே.ராதா. எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம், அதுவும் சின்னது. தேயிலை மலையடியில் பிறந்தவரின் திரை வாழ்க்கை தேயிலைத் தோட்டக் கதையொன்றில் தொடங்கியது வெறும் தற்செயல்தான். ஆனாலும் இங்குள்ளவர்களுக்கு அது மனதுக்கு நெருக்கமான தற்செயல்.

கதாநாயகனாக 'ராஜகுமாரி' (1947) வருவதற்குப் பதினொரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்து 'மந்திரிகுமாரி' (1950), 'மர்மயோகி' (1951), 'மலைக்கள்ளன்' (1954) என்று வாள் வீச்சும் வசனமுமாகப் படங்கள் வந்தன. நாமக்கல் கவிஞரின் நாவலிலிருந்து எடுத்த 'மலைக்கள்ளன்' குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். இந்தக் காலத்துப் படங்களைப் பொறுத்தவரை ரசிகர்களிடையே பெரிய பிணக்கு இல்லை.

பிணக்கு 'நாடோடி மன்னன்' (1958) படத்திலிருந்து தொடங்குகிறது. கையிலிருந்த பணத்தையெல்லாம் கொட்டி எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த படம். முற்பகுதி கறுப்பு வெள்ளை, பிற்பகுதி வண்ணம். பாதியில் பானுமதி விலகிக்கொண்டதால் அவர் பாத்திரத்தை முடித்துவிட்டு சரோஜாதேவியைக் கொண்டுவந்தார்கள். இப்படித் தையல் தெரியும் படமாக இருந்தும் அது எடுபட்டதற்குக் காரணம், அரசன் இடத்தில் உட்காரும் நாடோடி ஏழைகளுக்காகச் சட்டம் போடும் காட்சிகள். ஒரு நடிகர் அரசியல் திட்டத்தையே கதைக்குள் வைத்துக் கொடுத்தார். பார்த்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். படமாக மட்டும் எடைபோட்டால் நீளம் அதிகம், சில இடங்களில் தொய்வு. ஆனால் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய படம் எது என்றால் இதற்குப் போட்டியே கிடையாது.

இந்தப் படத்துக்குப் பின் ரசிகர்களின் எதிர்பார்ப்பு இறுகியது. அதைப் புரிந்துகொள்ள, எம்.ஜி.ஆர். திரையில் இறந்துபோகும் படங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். 'என் தங்கை'யில் (1952) பார்வையற்ற தங்கையைச் சுமக்கும் அண்ணனாக வந்து சோகத்தில் முடிவார், சனம் ஏற்றுக்கொண்டது. 'மதுரை வீரன்' (1956) படத்தில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாவார். படம் பெரு வெற்றி. ஆனால் 1962இல் டி.ஆர்.ராமண்ணாவின் 'பாசம்' படத்தில் நாயகன் இறந்தபோது ரசிகர்கள் பொறுக்கவில்லை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் அத்தனை இனிய பாடல்கள் இருந்தும் படம் சரிந்தது. பாடல்கள் மட்டும் வானொலியில் உயிரோடு இருந்தன.

வாத்தியார் செத்தால் படம் ஓடாது என்று பொதுவாகச் சொல்லப்படும் விதி அப்படியானால் முழு உண்மை அல்ல. மதுரை வீரன் செத்தும் தோற்கவில்லை; தெய்வமானான். கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் மதுரை வீரன் இன்றைக்கும் காவல் தெய்வம். வேலைக்குப் போகும் வழியில் கல்லாகவும் சூலமாகவும் நின்று கும்பிடு வாங்கும் சாமி. அந்தச் சாவில் இழப்பு இல்லை என்பது பார்க்கிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். 'பாசம்' நாயகனுக்கு அப்படி ஒரு மறுபிறப்புக் கிடையாது. அவன் வெறுமனே போய்விடுகிறான். 'நாடோடி மன்னன்' வந்து நான்கு வருடங்களில், தங்களுக்காகச் சட்டம் போட வேண்டிய ஆள் காரணமில்லாமல் சாவதைப் பார்க்க ரசிகர்கள் தயாராக இல்லை. 'பாசம்' மோசமான படங்களின் பட்டியலில் அடிக்கடி சேர்க்கப்படுவது நியாயமில்லை. அது தோற்றுப்போன படம். மோசமான படம் அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பாதி விவாதங்கள் முடிவில்லாமல் இழுபடுகின்றன.

1964 முதல் 1966 வரையான காலமே உச்சம் என்பதில் பெரும்பாலோர் உடன்படுவார்கள். 'தெய்வத்தாய்', 'படகோட்டி', 'தொழிலாளி' மூன்றும் 1964. அடுத்த வருடம் பொங்கலுக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை' வந்தது. தெலுங்கு 'ராமுடு பீமுடு'வைத் தழுவி, தாபி சாணக்கியா இயக்கியது. கோழையாக வளர்க்கப்பட்ட ஒருவன், எதற்கும் அஞ்சாத இன்னொருவன், இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். வில்லன் நம்பியாரின் கையிலிருந்த சவுக்கு எம்.ஜி.ஆர். கைக்கு மாறி, மாடிப்படியில் ஏறியும் இறங்கியும் பாடிக்கொண்டே அவர் விளாசும் கட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் அரங்கில் விசில் அடங்காது. அடிவாங்கியே பழகியவன் திருப்பி அடிக்கும் அந்த நிமிடம், குடியுரிமைகூட இல்லாமல் வாழ்ந்த மலையகத்து மக்களை எப்படித் தொட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதே கதையில் கோழையாக வரும் எம்.ஜி.ஆரைப் பலர் கவனிப்பதில்லை. பார்வை நிமிராமல், தோள் ஒடுங்கி, வார்த்தையை விழுங்கும் அந்த ராமுதான் நடிப்பில் கடினமான பாதி.

அதே வருடம் பி.ஆர்.பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்'. ஜெயலலிதாவோடு சேர்ந்த முதல் படம். அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் கடற்கொள்ளையராகும் கதை. 1966இல் 'அன்பே வா'. ஏவி.எம். நிறுவனத்துக்காக எம்.ஜி.ஆர். நடித்த ஒரே படம். சண்டையும் அரசியலும் தள்ளி நிற்க, காதலும் கேலியுமாக ஓடும். ஆங்கிலப் படமொன்றின் கதையோடு ஒற்றுமை உண்டு. எம்.ஜி.ஆர். படம் பிடிக்காதவர்களையும் உட்கார்ந்து பார்க்க வைக்கும் படம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும்.

நடிப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால் முதலிடம் 'பெற்றால்தான் பிள்ளையா'வுக்கு (1966). சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஒட்டி கிருஷ்ணன்–பஞ்சு இயக்கியது. அநாதையாகக் கிடக்கும் குழந்தையை ஒரு நாடோடி எடுத்து வளர்க்கிறான். பெற்றவள் வந்து கேட்கும்போது பிள்ளை யாருடையது என்ற கேள்வி எழுகிறது. பிள்ளையைப் பிரிய நேரும் கட்டங்களில் வழக்கமான வீராப்பு ஒன்றும் அவரிடம் இல்லை. நடிகர் சிவாஜியின் கட்சிக்காரர்கள் எம்.ஜி.ஆருக்கு நடிக்கத் தெரியாது என்று சொல்லும்போதெல்லாம் எதிர்க்கட்சி எடுத்து வைக்க வேண்டிய சான்று இதுவே.

அந்தப் படம் வெளியாகிச் சில வாரங்களில், 1967 ஜனவரி 12ஆம் திகதி, நடிகர் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். தொண்டையில் குண்டு பாய்ந்து குரல் மாறிப்போனது. இரவல் குரல் வைக்காமல், மாறிய குரலோடேயே 'காவல்காரன்' வந்தது. ரசிகர்கள் தழும்பையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள். பின்வந்த படங்களின் வசனம் அவர் வாயில் தெளிவாக விழவில்லை என்பது உண்மை. அதனாலேயே பாடல்களின் எடை கூடியது, டி.எம்.சௌந்தரராஜனின் குரல் எம்.ஜி.ஆருக்கு இரண்டாவது குரலாகவே ஆனது.

நூறாவது படமான 'ஒளி விளக்கு' (1968) இந்தக் காலத்தில் தனித்து நிற்கிறது. திரையில் குடிக்காதவர் என்று பெயர் வாங்கியவர் இதில் குடிகாரத் திருடன். அவர் போதையில் நிற்கும்போது எதிரே நான்கு எம்.ஜி.ஆர். உருவங்கள் தோன்றி, நீ மனிதன்தானா என்ற தொனியில் பாட்டிலேயே இடித்துரைக்கும். ரசிகன் கேட்க நினைத்ததை நடிகரின் மனச்சாட்சியே கேட்டுவிடுகிறது. தன் பிம்பத்தை மீறவும் வேண்டும், காக்கவும் வேண்டும் என்ற சிக்கலுக்கு இதைவிடத் திறமையான விடையை அவருடைய வேறெந்தப் படமும் தரவில்லை. அடுத்த வருடத்து 'அடிமைப் பெண்'ணில், நிமிர முடியாத கூண்டில் வளர்ந்து, கூனலும் பேச்சற்ற வாயுமாக வரும் தொடக்கக் காட்சிகளும் இப்படித் துணிந்து செய்தவை.

அடுத்து பெரிய சர்ச்சை. 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்துக்காக இந்தியாவின் சிறந்த நடிகர் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. தமிழ் நடிகர் ஒருவருக்கு அது முதல் முறை. ஓடும் சைக்கிள் ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே சிலம்பம் சுற்றும் சண்டையைத் தவிர அந்தப் படத்தில் நடிப்புக்கென்று பெரிய இடம் இல்லை. அதே 1971இல் சிவாஜி 'பாபு'வில் கைரிக்‌ஷா இழுப்பவராக வந்து, வயதாகி நோயில் தேயும் வரை நடித்திருந்தார். சிவாஜிக்குக் கடைசிவரை அந்த விருது கிட்டவில்லை. மலையகத்தில் இரு கட்சிக்காரர்களும் சந்திக்கும்போது இந்த இரண்டு ரிக்‌ஷாக்களும் மோதாமல் இருந்ததில்லை. எம்.ஜி.ஆருக்கு விருது கொடுத்தது தவறல்ல, கொடுத்த படம்தான் தவறு. 'பெற்றால்தான் பிள்ளையா'வுக்கு அது கிடைத்திருந்தால் எதிர்த்தரப்பும் வாயடைத்திருக்கும்.

இனி, சோடை போனவை. 'கூண்டுக்கிளி' (1954) எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம். ஓடவில்லை, இரு தரப்பு ரசிகர்களுக்கும் திருப்தி தராததே காரணம். 'கலை அரசி' (1963) வேறு கிரகத்தவர் பூமிக்கு வந்து, தங்களுக்குப் பாட்டுக் கற்பிக்க ஒரு பெண்ணைக் கடத்திப்போகும் கதை. தமிழில் அப்படி யோசித்ததற்காகவே அதைப் பாராட்டலாம். காட்சிகளில் அந்தக் கற்பனை கைகூடவில்லை. உண்மையிலேயே தேறாதவை என்றால் தேவர் பிலிம்ஸ் அவசரமாக எடுத்த சில படங்களைத்தான் சொல்ல வேண்டும். 'காதல் வாகனம்' (1968) அவற்றில் கடைசி இடத்தில் நிற்கும். ஏ.பி.நாகராஜன் ஒன்பது நாயகிகளை வைத்து எடுத்த 'நவரத்தினம்' (1977) இன்னொன்று. பெரிய இயக்குநர், பெரிய நடிகர், ஆனால் கதையில் உயிர் இல்லை. 1977 ஜூன் 30இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். அகிலனின் 'கயல்விழி'யைத் தழுவி அவர் இயக்கிய கடைசிப் படம் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' 1978இல் வந்தது. வயதும் நேரமும் அதில் அவருக்கு ஒத்துழைக்கவில்லை.

'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) எந்தப் பட்டியலில் வரும் என்பதில் இன்னும் வழக்குத் தீரவில்லை. மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் விஞ்ஞானியின் கதை வலுவற்றது. ஆனால் ஒசாகாவின் 'எக்ஸ்போ 70' கண்காட்சியும் ஹொங்கொங், சிங்கப்பூர், தாய்லாந்துக் காட்சிகளும் அதுவரை தமிழ்ப் படத்தில் காணாதவை. தோட்டத்து லயத்தை விட்டு வெளியே போக வழியில்லாதவருக்கு அந்தப் பயணம் சின்ன விஷயமல்ல.

இலங்கையின் பட்டியல் தமிழ்நாட்டின் பட்டியலோடு அப்படியே பொருந்தாததற்குப் படங்கள் இங்கே வந்துசேர்ந்த விதமும் ஒரு காரணம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பாடல்களை முதலில் கொண்டுவந்தது. பாட்டு மனப்பாடமான பிறகே பலர் படத்தைப் பார்த்தார்கள். பாட்டில் வென்ற படம் படமாகவும் வென்றதாக நினைவில் பதிந்தது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் ஏற்பட்டபின் இந்தியப் படங்களின் வரவு அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. புதியவை குறைய, பழைய பிரதிகளே மீண்டும் மீண்டும் ஓடின. கோடு விழுந்து, ஒலி கரகரத்து, நடுவே சில காட்சிகள் காணாமல் போன பிரதிகளில்தான் ஒரு தலைமுறை எம்.ஜி.ஆரைப் பார்த்தது. 1970களில் வளர்ந்தவர்கள் 1960களின் படங்களை நேற்று வந்தவை போலப் பேசுவது அதனால்தான்.

2014இல் 'ஆயிரத்தில் ஒருவன்' டிஜிட்டல் முறையில் துப்புரவு செய்யப்பட்டுத் திரும்ப வெளியானபோது சென்னையில் 100 நாள்களைத் தாண்டி ஓடியது. அந்தப் படத்தின் நிறங்கள் எப்படியிருந்தன என்பதைப் பலர் அப்போதுதான் முதன்முறையாகக் கண்டார்கள். 'பாசம்', 'பெற்றால்தான் பிள்ளையா' போன்றவற்றுக்கும் அத்தகைய தெளிவான பிரதிகள் கிடைத்தால் வரிசை மாற இடமுண்டு.