இணையத்தளமா, கைபேசிச் செயலியா? சங்கங்கள் ஆராய வேண்டிய விஷயம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர், உத்திரமேரூர்ப் பகுதிகளில் தறியை நம்பி வாழ்வோரும் ஏரை நம்பி வாழ்வோரும் அண்டை அயலாராக இருக்கின்றனர். இவ்விரு சாராரின் சரக்கும் இடைத்தரகரின்றி வாங்குவோர் கையைச் சென்றடைய வேண்டும் என்பதே கூட்டுறவின் நோக்கம். நம் நாட்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் மாதத்தில், நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவாயிற்று. அத்தகைய மண்ணில் வாழும் நாம் இன்று புதியதொரு கேள்வியை எதிர்நோக்கி நிற்கிறோம்.

சரக்கை இணையத்தில் விற்க முனையும் சங்கங்களிடம் இருவகை யோசனைகள் கூறப்படுகின்றன. ஒன்று, முகவரியைத் தட்டியவுடன் எந்தக் கைபேசியிலும் கணினியிலும் திறக்கும் இணையத்தளம். மற்றொன்று, கைபேசியில் இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டிய செயலி. வழக்கில் 'ஆப்' எனப்படுவது. இரண்டில் எது நமக்கு ஏற்றது? செலவாகப் போவது அங்கத்தினரின் பங்குப் பணமாதலால், இதனைப் பொறுமையுடன் ஆராய்தல் நம் கடமையாகும்.

முதலில் செலவைப் பார்ப்போம். இணையத்தளம் ஒருமுறை அமைத்தால் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும். முகவரிக்கும் இடத்திற்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. செயலியோ ஆண்ட்ராய்டு கைபேசிக்கும் ஐபோனுக்கும் தனித்தனியே ஆக வேண்டும். ஒரே நிரலிலிருந்து இரண்டையும் ஆக்கும் வழிகள் உண்டெனினும், இரண்டிலும் சோதித்துப் பார்க்கும் வேலை குறையாது. செயலியை வெளியிடக் கூகுள் நிறுவனத்திற்கு ஒருமுறை 25 டாலரும், ஆப்பிள் நிறுவனத்திற்கு ஆண்டுதோறும் 99 டாலரும் பொதுவாகச் செலுத்த வேண்டும். இவை சிறு தொகைகளே. கைபேசிகளின் இயக்க முறை மாறுந்தோறும் செயலியைப் புதுப்பிக்கும் கூலியே பெருஞ்செலவு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கன்றோ?

செயலிக்கும் சிறப்புகள் இல்லாமலில்லை. அது கைபேசியிலேயே தங்கியிருக்கும். இணைப்பு அறுந்த இடத்திலும் ஓரளவு வேலை செய்யும். அறிவிப்புகளை உடனுக்குடன் தெரிவிக்கும். அன்றாடம் திறந்து பார்க்கும் காரியங்களுக்கு அது மிகவும் ஏற்றது.

இவ்விடத்தில் பெங்களூரைச் சேர்ந்த மிந்த்ரா என்னும் ஆடை வியாபார நிறுவனத்தின் அனுபவம் நமக்குப் பாடமாகும். அந்நிறுவனம் 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் இணையத்தளத்தை மூடிவிட்டு, இனிச் செயலி வழியாகவே விற்பனை என்று அறிவித்தது. ஆயினும் 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கணினிக்கான தளத்தை மீண்டும் திறந்தது. வாங்குவோரில் ஒரு பகுதியினர் ஆடையைப் பெரிய திரையிலேயே பார்க்க விரும்பினர். பெருமுதல் படைத்த நிறுவனம் ஓராண்டில் தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம். அந்நஷ்டத்தைத் தாங்கவும் கூடும். நமது சங்கங்களுக்கு அது இயலுமா?

நமது சரக்கின் இயல்பையும் நோக்க வேண்டும். பட்டுப்புடவை அன்றாடம் வாங்கும் பொருளன்று. திருமணத்திற்கென ஒரு புடவை எடுக்க விரும்பும் குடும்பத்தார், அதற்காகவே ஒரு செயலியை இறக்கிக் கைபேசியில் வைத்துக்கொள்வார்களா? வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டால் புடவையும் விலையும் கண்முன் தோன்ற வேண்டும் என்றே எதிர்பார்ப்பார்கள். தேடுபொறியில் காஞ்சிப் பட்டு என்று தேடுவோர் கண்ணில் படுவதும் பெரும்பாலும் தளமே.

அங்கத்தினரின் நிலை வேறு. பாவும் ஊடையும் பெற்ற கணக்கு, கூலி வரவு, கடன் பாக்கி, நெல் விலை ஆகியவற்றை அடிக்கடி பார்க்க வேண்டியவர் அவரே. விவசாயிகளுக்கென இந்திய அரசு 2016-இல் தொடங்கிய மின்னணு வேளாண் சந்தையான இ-நாம், இணையத்தளம், செயலி ஆகிய இரு வழிகளையும் வைத்திருப்பது கருதத்தக்கது.

இரண்டிற்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. முகப்பில் சின்னமாகப் பதித்துச் செயலி போலவே திறக்கத்தக்க இணையத்தளத்தை ஆக்கலாம். பிளிப்கார்ட் நிறுவனம் 2015 நவம்பரில் இவ்வழியைக் கைக்கொண்டது. சிறு சங்கங்கள் இதிலிருந்து தொடங்குவதே விவேகமென நாம் கருதுகிறோம். வாங்குவோருக்குத் தளம் முதலில். அங்கத்தினர் அன்றாடம் பயன்படுத்துவது உறுதியானால் செயலி பின்னர்.

எவ்வழியாயினும் ஒன்றை மறத்தலாகாது. தளத்தின் முகவரி, செயலிக் கணக்கு, வாங்குவோர் விவரம் ஆகியவை சங்கத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். அமைத்துக் கொடுத்தவர் பெயரில் விட்டுவிட்டால், பழைய இடைத்தரகர் புதிய உருவில் வந்து சேர்வார். தறி நம்முடையது, சாவி பிறருடையது என்ற நிலை வரலாகாது.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வாவதற்குத் தகுதியில்லை என்று விதித்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூரார் கண்ட நெறி அது. ஆகையால் அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து, என்ன செலவு, யாருக்குப் பயன், சாவி யாரிடம் என்னும் மூன்று கேள்விகளையும் கேட்பார்களாக! விடை கிடைத்த பின்னர்க் கையொப்பமிடுவதே சங்கத்திற்கு நலம்.