பறி என்றால் பொன்!

குட்டீஸ், "செம மொக்கைடா!" என்கிறீர்களே, மொக்கை என்றால் முனை மழுங்கியது. மழுங்கிய கத்திக்குச் சொன்னது, இன்று சிரிப்பு வராத ஜோக்குக்கும் வந்துவிட்டது.

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலிலேயே இது இருக்கிறது. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்களாம். யானைப் பாகர்களுக்கு ஆடை 'காரை'. பறி என்றால் எதிரே நிற்பவருக்குப் புரியுமா?

கெங்கவல்லிப் பக்கத்து விவசாயிகளைக் கேளுங்கள், மாட்டுச் சந்தைக் கதை சொல்வார்கள். தரகர் வாயே திறக்கமாட்டார். துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார். விற்பவரிடம் ஒரு விலை, வாங்குபவரிடம் ஒரு விலை பேசி, நடுவில் எடுத்துக்கொள்ளும் தரகரும் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளை முன்னால் நாலு பேர் ரகசியச் சொல் பேசிச் சிரிக்கிறீர்களே, அந்தப் பிள்ளையும் துண்டுக்கு வெளியேதான் நிற்கிறது.

எல்லாச் சொல்லும் ஒளிப்பதற்காக வந்ததல்ல. 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் செய்த டச்சுக்காரர்களிடம் ஒரு சின்னச் செப்புக்காசு இருந்தது. பெயர் 'டுயிட்'. அதுதான் நம் வாயில் துட்டு!