சிறுவரும் சித்திரமும்

சித்திரம் வரையக் கற்பித்தல் வேண்டுமா, குழந்தையை அதன் போக்கில் விட்டுவிடுதல் வேண்டுமா என்னும் வினா ஆசிரியரிடையே நெடுங்காலமாக நிலவி வருவது. கற்பித்தால் கற்பனை கெடும் என்பர் ஒரு சாரார். கற்பியாவிடின் கை பழகாது என்பர் மற்றொரு சாரார். யான் ஓவியன் அல்லன், இலக்கணம் கற்பிப்பவன். ஆயினும் இவ்வினாவுக்கு எம் தமிழ்க் கல்வி மரபிலேயே விடை கிடக்கின்றது என எண்ணுகின்றேன்.

வெண்பாப் பாடப் பழகும் மாணாக்கனுக்கு ஆசிரியர் ஈற்றடியைத் தாம் கொடுத்து, ஏனைய அடிகளை அவனே பாடுமாறு பணிப்பதுண்டு. அடி ஆசிரியருடையது, பாட்டு மாணாக்கனுடையது. நாளடைவில் ஈற்றடியையும் அவனே ஆக்கிக்கொள்வான். வீட்டு முற்றத்தில் நிகழ்வதும் இதுவே. தாய் புள்ளியிட்டு, சிறுமியின் விரலைப் பற்றிக் கோலத்தின் இழையை இழுப்பிக்கின்றாள். அடுத்த பொங்கலன்று அச்சிறுமி தாய் அறியாத கோலமொன்றைப் போட்டுவிடுகின்றாள். ஓவியத்துக்கெனத் தனி நூல் இருந்தமையை மணிமேகலை உணர்த்தும். நூல் இருந்ததெனின் அதனைச் சொல்லிக்கொடுப்பாரும் இருந்திருப்பரன்றோ?

மேனாட்டிலும் நிலை வேறன்று. 1897 ஆம் ஆண்டு வியன்னா நகரில் பிரான்ஸ் சிசெக் என்பார் சிறுவர்க்கெனச் சித்திர வகுப்பொன்றைத் தொடங்கினார். அச்சுப் படத்தைப் பார்த்துப் பிரதி செய்தலே அக்காலப் பள்ளிகளில் சித்திரக் கல்வி. சிசெக் அதனைத் தம் வகுப்பில் ஒழித்தார். எனினும் அவர் வாளா இருந்தார் என எண்ணற்க. பொருள் கொடுப்பதும், வரைந்தவற்றை எல்லார் முன்னும் வைத்து உரையாடுவதும் அவர் வழக்கம். ஈழத்தில் ஓவியர் அ. மாற்கு (1933–2000) பலருக்குத் தூரிகை பிடிக்கக் கற்பித்தார். அவர் மாணவர் பலர் பின்னர்த் தமக்கெனத் தனிப்பாணி கண்டனர். போரால் நலிந்த சிறுவர்க்கென 1996 ஆம் ஆண்டு மட்டக்களப்பில் தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலும், களிமண்ணும் வண்ணமும் கதையும் பிள்ளைகள் கையில் கொடுக்கப்பட்டன. அருகே பெரியோர் இருந்தனர்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த எம் பள்ளிகளுக்கு வருவோம். காலையும் மாலையும் கடலைக் காணும் பிள்ளைகள் இவர்கள். 'இயற்கைக் காட்சி வரைக' என்றாலோ, இரு மலைகளுக்கிடையே ஞாயிறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, நான்கு பறவை, அவ்வளவே. கோணேசர் கோயில் நிற்கும் பாறையும், கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களும் அவர்தம் தாளில் இல்லை. எவரோ ஒருவர் ஒருகால் காட்டிய படம், துடைக்கப்படாமல் அவர்தம் நெஞ்சில் தங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்த சித்திர ஆசிரியை ஒருவர் கரும்பலகையில் இரண்டே கோடுகளால் தோணியின் உடலை வரைந்து, அணியம் எவ்வாறு மேலெழுகின்றது, நீர் எவ்விடத்தில் அதனைத் தொடுகின்றது எனக் காட்டினார். பிள்ளைகள் உடன் வரைந்தனர். பின்னர்ப் பலகையைத் துடைத்துவிட்டு, "இனி உங்கள் துறையிலே நிற்கும் தோணியை வரையுங்கள்" என்றார். அப்பாடத்தின் உயிர் அந்தத் துடைப்பிலேதான் இருந்தது. ஒரு சிறுவன் கரையில் கவிழ்த்த தோணியையும், அதன் நிழலில் உறங்கும் தந்தையையும் வரைந்தான். ஒரு சிறுமியோ தோணியே இன்றி, அது இழுத்துச் செல்லப்பட்ட மணற்சுவட்டை மட்டும் வரைந்திருந்தாள்.

"தோணி எங்கே பிள்ளை?"

"அது கடலுக்குப் போய்விட்டது, ரீச்சர்."

இதற்கு எத்தனை புள்ளி இடுவது என்று ஆசிரியை என்னை வினவினார். கேட்ட பொருள் தாளில் இல்லையாதலின் பரீட்சைக் கணக்கில் குறைவாகவே கிடைக்கும். வெண்பாவாயின் யான் முழுப்புள்ளி கொடுத்திருப்பேன் என்றேன். அவரும் கொடுத்தார், தலைமையாசிரியர் கேட்டால் என் பெயரைச் சொல்வதாகவும் கூறினார்.