ஒளியும் மருந்தும் குருதித் தாயணுவும்

எலும்பின் உள்ளீடாகிய மச்சையே குருதியின் பிறப்பிடம். அங்கு உறையும் தாயணுக்களின் வழிவந்தனவாக நொடிதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் செவ்வணுக்கள் தோன்றுகின்றன. வெள்ளணுக்களும் குருதித் தட்டுகளும் அவற்றின் வழித்தோன்றல்களே. புற்றுநோய்க்கு வழங்கப்பெறும் வேதிமருந்துகள் பலவும் விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவன. பகை எது, உறவு எது எனப் பகுத்தறியாது மச்சையையும் நலிவிப்பன. நோயணுவை மாய்த்துத் தாயணுவைக் காக்கும் வழி உண்டோ? ஒளிமருந்து முறை இதற்கு ஓரளவு விடை பகர்கிறது. தமிழ் பயிற்றும் நாம் இத்துறையில் புகலாமோ எனின், இம்மருந்தின் வரலாறு பழைய ஏடுகளிலேயே தொடங்குகிறது என்போம்.

கார்போகரிசியைச் சித்த மருத்துவர் வெண்புள்ளி நோய்க்கு நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளனர். (இந்நோயை வெண்குட்டம் என்றது கொடிது. தொழுநோயோடு தொடர்பற்ற ஒன்றுக்கு அப்பெயரிட்டதால் தடைப்பட்ட திருமணங்கள் எத்தனை!) 13ஆம் நூற்றாண்டில் இப்னு பைத்தார், அத்ரிலால் என்னும் செடியின் விதைப்பொடியை உண்டு வெயிலில் இருக்கும் முறையைத் தம் மருந்து நூலில் குறித்தார். இவ்விரு விதைகளிலும் உள்ளது சோரலன் இனப்பொருளே. 1940களில் கெய்ரோவில் அல்மொஃப்தி என்னும் மருத்துவர் இதனைப் புதிய முறையில் ஆராய்ந்தார். 1974இல் அமெரிக்காவில் காளாஞ்சகப்படைக்கு இம்மருந்தும் புற ஊதாக் கதிரும் இணைத்து வழங்கப்பெற்றன.

சோரலன் அணுவின் மரபிழை ஏணியினுள் நுழைந்து வாளா இருக்கும். 'ஏ' வகைப் புற ஊதாக் கதிர் பட்டவுடன் ஏணியின் இருபக்கங்களையும் பிணித்துவிடும். பிணிபட்ட அணு பிரிந்து பெருக இயலாது. ஈண்டு கருதத்தக்கது ஒன்றுண்டு. உண்ட மருந்து உடலெங்கும் பரவும். ஒளியோ தோலைக் கடந்து ஆழச் செல்லாது. ஆதலின் மச்சை இருளில் கிடக்கிறது. அவ்விருளே தாயணுவுக்கு அரண்.

எடல்சன் குழுவினர் 1987இல் வேறொரு வழியைக் காட்டினர். நோயாளிக்கு மருந்தை உண்ணக் கொடுத்தபின் குருதியை வெளியே எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, மெல்லிய படலமாக ஓடவிட்டுக் கதிர்பாய்ச்சி, மீண்டும் உடலிற் செலுத்தினர். தோலைப் பற்றும் ஒருவகை நிணவணுப் புற்றால் வருந்திய 37 பேரில் 27 பேர் பயன்பெற்றனர். ஒரு முறையில் கதிர்படுவது உடலின் வெள்ளணுக்களில் சிறுபங்கே, மச்சை தீண்டப்படுவதில்லை. மச்சை மாற்றத்திற்குப் பின் கொடையணுக்கள் பெற்றவரின் உடலையே தாக்கும் நோய்க்கும் இன்று இம்முறை கைக்கொள்ளப்படுகிறது.

மச்சையின் மீதே ஒளி பாய்ச்சினால் என்னாகும்? 1984இல் வெளியான ஆய்வொன்றில் சீபர் முதலியோர் எலியின் மச்சையோடு குருதிப்புற்று அணுக்களைக் கலந்து, மெரோசயனின் 540 என்னும் சாயமூட்டி, வெள்ளொளியில் வைத்தனர். புற்றணுக்கள் பெரிதும் மாண்டன. குருதியை மீட்கப் போதிய தாயணுக்கள் எஞ்சின. அச்சாயம் நெகிழ்ந்த சவ்வுடைய அணுக்களையே மிகுதியாகப் பற்றுவது இதற்குக் காரணமாகக் கூறப்பெற்றது. எனினும் இது சோரலன் முறைபோல் மருத்துவமனை வழக்காகவில்லை.

சோரலன் முறையிலும் தீங்கு இல்லாமலில்லை. தோலின் மீது நெடுநாள் தொடர்ந்தால் தோற்புற்றுக்கு இடமுண்டு. மருந்து கண்வில்லையிலும் தங்குமாதலின், மருந்து கொண்டபின் ஒருநாள் முழுதும் வெயிலைத் தவிர்த்துக் கதிர்தடுக்கும் கண்ணாடி அணிய வேண்டும். கார்போகரிசியைத் தாமே வாங்கியுண்டு வெயிலில் நிற்போருக்குத் தோல் வெந்து கொப்புளம் எழக்கூடும்.