கையில் நீலத் துணி கட்டி ஒரு நடை

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 14 அன்று ஸ்பெயினில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மளிகை, மருந்து, வேலை போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே தெருவில் இறங்க அனுமதி இருந்தது. ஒரு வாரம் முடிவதற்குள் அரசே ஒரு விலக்கு தர வேண்டியதாயிற்று. வீட்டிலேயே அடைபட்டிருந்தால் நிலைமை மோசமாகும் ஆட்டிசம் உள்ளவர்களைத் துணையோடு வெளியே அழைத்துப் போகலாம் என்றது புதிய உத்தரவு.

பால்கனியில் நின்றவர்கள் பலருக்கு இது தெரியாது. மகனோடு நடந்த தாய்மார்கள் மேலிருந்து வசவு வாங்கினார்கள். சில குடும்பங்கள் கையில் நீலத் துணி கட்டிக்கொண்டு வெளியே வரத் தொடங்கின. ‘எங்கள் பிள்ளைகள் ஏன் அடையாளம் கட்டிக்கொள்ள வேண்டும்?’ என்று வேறு சிலர் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். ஏப்ரலில் பிரான்சும் பிரிட்டனும் இதேபோல் விதியைத் தளர்த்தின.

ஒரு நடைக்கு ஏன் இத்தனை பாடு?

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அன்றாட ஒழுங்குதான் பிடிமானம். பள்ளி வேன் வரும் நேரம்தான் எழும் நேரம். மணி அடித்தால்தான் சாப்பாடு. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி மைதானமும் நீச்சல் குளமும் பூட்டப்பட்டதும் அதற்கு வழியில்லாமல் போனது. பதின்வயதில் தூக்கம் இயல்பாகவே பின்னிரவுக்குத் தள்ளிப்போகும். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு அதற்கு முன்பே தூக்கச் சிக்கல் உண்டு. வழக்கமான பிஸ்கட்டின் உறை நிறம் மாறினாலே தொடாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடையில் அது கிடைக்காவிட்டால் அன்று பட்டினிதான்.

மறுபுறம், கூட்டமும் இரைச்சலும் கேலியும் இல்லாத வீட்டில் நிம்மதி கண்டவர்களும் உண்டு.

முகக்கவசம் தனிப் போராட்டம். காதில் இழுக்கும் நாடா, கன்னத்தில் உரசும் துணி, மூக்கில் திரும்பி வரும் மூச்சுச் சூடு: தொடு உணர்வு கூர்மையானவர்களுக்கு இவை தாங்க முடியாதவை. அதைப் படிப்படியாகத்தான் பழக்க முடியும். முதலில் மேசைமேல் வைத்துப் பார்ப்பது, பிறகு கையில் பிடிப்பது, கண்ணாடி முன் ஐந்து விநாடி அணிவது, நாளை பத்து விநாடி. கை கழுவவும் அப்படித்தான்: குழாய்க்கு மேல் வரிசையாகப் படங்கள். அன்றாட ஒழுங்குக்குச் சுவரில் ஒரு பட அட்டவணை. பள்ளிப் படம் இருந்த இடத்தில் மொட்டைமாடிப் படம்.

வீட்டுக்குள் பெற்றோர்கள் இத்தனையும் செய்ய முடியும். தெருவில் நடக்கும் உரிமையை அரசுதான் தர வேண்டும். அடுத்த ஊரடங்கு உத்தரவை எழுதுபவர்கள், இந்தப் பிள்ளைகளுக்கு விலக்கு தரும் அந்த ஒரு வரியை முதல் நாளிலேயே சேர்த்துவிட வேண்டும். பால்கனியில் நிற்பவர்களுக்கும் அன்றே கேட்கும்படி சொல்லிவிட வேண்டும்.