போன் பார்த்தால் தூக்கம் ஏன் தள்ளிப்போகிறது?

சிதம்பரம் அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, நள்ளிரவில் போர்வைக்குள் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறது. விரல் ஏன் நிற்பதில்லை? அடுத்தது எப்படி இருக்கும் என்று தெரியாததால்தான். எதிர்பாராமல் கிடைக்கும் இன்பத்துக்கே மூளையின் டோபமைன் செல்கள் அதிகம் துள்ளும்.

இதோடு போன் திரையின் வெளிச்சமும் சேர்கிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் உண்டு. சுமார் 480 நானோமீட்டர் நீல ஒளி பட்டால் ‘இன்னும் பகல்தான்’ என்று மூளைக்குச் சேதி போகும். உடலைத் தூக்கத்துக்குத் தயாராக்கும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பு தள்ளிப்போகும். ஆனால் வெளிச்சத்தைவிட, பார்ப்பது கிளப்பும் பரபரப்பே பெரிய கெடுதல் என்பேன். நைட் மோடு மட்டும் போதாது. போன் கைக்கெட்டாத இடத்தில் சார்ஜ் ஏறட்டும்.

காலை வெயில் உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். கடலூர்க்காரர்களுக்குக் கிழக்கு பார்த்த சில்வர் பீச்சே இருக்கிறது, நடங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் மனசும் சரியில்லையா? அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.