கடைசி முந்நூறு விசைகள்

கணிப்பொறியில் நீண்ட பத்தி ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். ஒரு வரியின் வாலை மட்டும் நீக்க எண்ணி ஏதோ இரு விசைகளை அழுத்துகிறீர்கள். பாதிப் பத்தி மறைந்துவிடுகிறது! எதை அழுத்தினோம் என்று நமக்கு நினைவில்லை. ஆனால் நாம் எழுதும் நிரலுக்கு நினைவிருக்கலாம்.

உரையை எழுதவும் திருத்தவும் பயன்படும் அத்தகைய நிரல்களில் ஒன்று ஈமாக்ஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்தில் 1976இல் பிறந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட அதன் மறுவடிவமே இன்றும் வழங்குகிறது. இதில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஹெச், பிறகு தனியாக எல் என்று தட்டுங்கள். நீங்கள் கடைசியாக அழுத்திய 300 விசைகளும், அவை ஏவிய கட்டளைகளின் பெயர்களும் வரிசையாகத் தோன்றும். இக்கட்டளையின் பெயர் 'வியூ-லாஸேஜ்'. 'லாஸேஜ்' என்பது காரியம் கெட்டுப்போனதைக் குறிக்க நிரலாளர்கள் வழங்கிய கொச்சைச் சொல். பொருத்தமான பெயர்தான்!

நாள் முழுவதும் தட்டினாலும் நினைவகம் நிரம்பி வழியாதா? வழியாது. 0 முதல் 299 வரை எண்ணிட்ட 300 பெட்டிகள் வட்டமாக இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு விசையும் அடுத்த பெட்டியில் விழுகிறது. வட்டம் முடிந்ததும் மீண்டும் முதற்பெட்டி. அங்கிருந்த பழைய விசை அழிந்து புதியது அமர்கிறது. எந்தப் பெட்டி என்பதை அறிய, விசையின் வரிசை எண்ணை 300ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். 7,245ஆவது விசைக்கு மீதி 45. ஆகவே அது 45ஆம் பெட்டியில்; அவ்வேளையில் மிகப் பழைய விசை இருப்பது 46இல். எதையும் நகர்த்த வேண்டியதில்லை, தேடவும் வேண்டியதில்லை.

இனி நம் பத்திக்கு வருவோம். பட்டியலின் இறுதியில் ஆல்ட்-கே என்றும் அருகில் 'வாக்கியத்தை வெட்டு' என்ற பொருளுடைய கட்டளையும் இருக்கின்றன. நீங்கள் நினைத்ததோ கன்ட்ரோல்-கே. அது வரியிறுதி வரை மட்டுமே வெட்டும். சரி, ஒரு வாக்கியத்துக்குப் பதில் பாதிப் பத்தி ஏன் போயிற்று? முற்றுப்புள்ளியை அடுத்து இரண்டு இடைவெளிகளோ வரியின் முடிவோ இருந்தால்தான் வாக்கியம் முடிந்ததாக ஈமாக்ஸ் கொள்ளும். நம்மில் பெரும்பாலோர் ஓர் இடைவெளியே விடுகிறோம். எனவே பத்தியின் முடிவுவரை அதற்கு ஒரே வாக்கியம்! காரணம் தெரிந்தபின் கவலை இல்லை. வெட்டியது தனியே சேமிக்கப்பட்டிருக்கும். உடனே கன்ட்ரோல்-ஒய் தட்டினால் திரும்பிவிடும்.

கட்டளை வரலாறு என்பது இதனின்றும் வேறானது. 'இந்தச் சொல்லுக்குப் பதில் அந்தச் சொல்' என்பதுபோல நம்மிடம் கேள்வி கேட்டு நடக்கும் கட்டளைகளை மட்டுமே, நம் விடைகளோடு சேர்த்து, அது வைத்திருக்கிறது. கன்ட்ரோல்-எக்ஸ் தட்டி எஸ்கேப்பை இருமுறை அழுத்தினால் கடைசிக் கட்டளை வந்து நிற்கும். திருத்தி மறுபடி ஏவலாம்.

வட்டத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. கடவுச்சொல்லை நிரலே கேட்கும்போது தட்டினால் இன்றைய பதிப்புகள் அதைப் பதிவதில்லை. தவறிப்போய்க் கட்டுரையின் நடுவில் தட்டிவிட்டால், எழுத்துகளை அழித்த பின்னும் அது வட்டத்தில் இருக்கும். முன்னைய பதிப்புகளில் பிழை அறிக்கை எழுதத் தொடங்கினால், அண்மையில் அழுத்திய விசைகளும் அதில் தாமாகவே சேர்ந்துகொண்டன! பின்னர் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. ஆயினும் பிறர் உதவி நாடி அந்தப் பட்டியலை நகலெடுத்து அனுப்புவோர் இன்றும் உண்டு. அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.